பாதியைத் தருகிறோம் என்கிறது வங்கி: கையெழுத்திடலாமா?

கேள்வி: வேலை மாறியபின் பழைய சம்பளக் கணக்கில் ரூ.2,950 விட்டு வைத்திருந்தேன். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று காலாண்டுக்கு ரூ.500 அபராதமும் ரூ.90 ஜிஎஸ்டியுமாக எட்டு முறை பிடித்ததில், கணக்கு மைனஸ் ரூ.1,770-க்குப் போய்விட்டது. அண்மையில் போட்ட பணத்தில் அதையும் கழித்துக்கொண்டார்கள். புகார் செய்த பிறகு, ரூ.2,360 தருவதாகச் சொல்லி ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: பிடித்த மொத்தத் தொகை ரூ.4,720. அதில் சரிபாதி என்பதால் நியாயமான சமரசம் போலத் தோன்றுகிறது. ஆனால் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது. இருப்புக் குறைவுக்கான அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனசுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதல் ஐந்து அபராதங்களிலேயே உங்கள் ரூ.2,950 தீர்ந்துவிட்டதால், அடுத்த மூன்றும், அதாவது ரூ.1,770, பேரத்துக்கே இடமில்லாமல் உங்களுக்குத் திரும்ப வேண்டியவை. ஆக, வங்கி உண்மையில் விட்டுக்கொடுப்பது மீதி ஐந்தில் ஒன்றை மட்டுமே.

அந்த ஐந்தும் கிடைக்குமா என்பது முன்னறிவிப்பைப் பொறுத்தது. இருப்புக் குறைந்ததும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அபராதம் உண்டு என்று வங்கி எச்சரித்திருக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது. எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு அனுப்பினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் மாற்றாமல் விட்ட பழைய கைப்பேசி எண்ணுக்கு அது ஒழுங்காகப் போயிருந்தால், உங்கள் பக்கம் பலவீனம்தான், ரூ.2,360-ஐ வாங்கிக்கொள்வதே நல்லது என்பேன். அனுப்பியதற்குப் பதிவே இல்லை என்றால் முழுத்தொகையையும், ஜிஎஸ்டியுடன் சேர்த்து, கேளுங்கள். நீங்களாகக் கடைசியாகப் பணம் போட்ட அல்லது எடுத்த தேதியையும் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் வாடிக்கையாளரின் கொடுக்கல்வாங்கல் இல்லாமல் செயலற்றதாகிவிட்ட கணக்கில் இந்த அபராதமே கூடாது.

தொகையைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் கடிதம். ‘முழுமையான, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற சொற்கள் அதில் இருந்தால், மீதியை மறந்துவிட வேண்டியதுதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு தரும் உதாரணமே இதற்குப் போதும்: ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு இரண்டாயிரத்தை முழுத்தீர்வாக ஒருவர் ஏற்றுக்கொண்டால், கடன் முழுவதும் தீர்ந்தது. ‘இக்கணக்கு தொடர்பான எந்தக் கோரிக்கையும் இனி இல்லை’ என்று இன்னும் அகலமாக எழுதியிருந்தால், எந்தெந்தத் தேதி அபராதங்களுக்காக இந்தத் தொகை என்று குறிப்பிட்டுத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

திருத்த மறுத்தால் கையெழுத்திடாதீர்கள். கிளை மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னது புகாராகாது. எழுத்தில் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இதற்கிடையில் உங்கள் சம்மதம் இல்லாமலே வங்கி ரூ.2,360-ஐக் கணக்கில் வரவு வைத்துவிட்டால், ‘பகுதித் தொகையாக மட்டுமே ஏற்கிறேன், மீதிக்கான புகார் தொடர்கிறது’ என்று அன்றே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.