ஸ்பீக்கரில் உறுமுவது எது? கரண்ட் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கரண்ட் பற்றியவைதான். ஒரு வேண்டுகோளோடு ஆரம்பிக்கிறேன்: எதையும் வாங்கும் முன் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

கேள்வி: டிவியை ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) இணைத்ததிலிருந்து, பாட்டே ஓடாதபோதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். கரண்ட் சுத்தமில்லை, பவர் கண்டிஷனர் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா? (தாம்பரம்)

வேண்டாம். டிவியை இணைத்ததிலிருந்து என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், விடை அதில்தான் இருக்கிறது. உங்கள் ஆம்ப் மூன்று பின் ப்ளக் வழியாக வீட்டு எர்த்தில் நிற்கிறது. செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளின் மேல் வலையோ எங்கோ தெருக்கம்பத்தில் அல்லது மொட்டைமாடியில் வேறொரு எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு எர்த்தும் ஒரே வோல்டேஜில் இருப்பதில்லை. அந்தச் சின்ன வித்தியாசம் போதும், டிவிக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஓடும் ஆடியோ வயரின் வலை வழியாக 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) கரண்ட் சுற்றி வர ஆரம்பித்துவிடும். ஆம்ப்புக்கு அதுவும் ஒரு பாட்டுதான், ஒழுங்காகப் பெருக்கித் தருகிறது.

சோதனை எளிது. ஆம்ப் ஆனில் இருக்கும்போதே செட்-டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிளை மட்டும் கழற்றுங்கள். உறுமல் சட்டென்று நின்றால் ஆள் கிடைத்துவிட்டான். கேபிள் டிவி என்றால் எர்த் தொடர்பைத் துண்டிக்க அந்த வயரில் போடும் ஐசோலேட்டர் சில நூறு ரூபாய்தான். டிஷ் என்றால் அது உதவாது, ஏனென்றால் மாடியில் டிஷ்ஷில் இருக்கும் எல்.என்.பி.க்கு (சிக்னலைப் பிடிக்கும் சின்னப் பெட்டிக்கு) அதே வயரில்தான் டிசி வோல்டேஜ் போகிறது, ஐசோலேட்டர் அதை மறித்துவிடும், படமே வராது. டிஷ் வைத்திருப்பவர்கள் டிவியிலிருந்து ஆப்டிக்கல் கேபிளில் சத்தத்தை எடுங்கள், வெளிச்சத்தில் கரண்ட் சுற்றாது.

எல்லா இன்புட்டையும் கழற்றிய பிறகும் உறுமினால் கதை வேறு. அது ஆம்ப்பின் சொந்தக் கோளாறு. உள்ளே கரண்டைச் சீராக்கும் பழைய ஃபில்டர் கப்பாசிட்டர் காய்ந்துபோனால் 100 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கரகரப்பாக, 'ஜ்ஜ்' என்று வரும். மாற்ற வேண்டியது கப்பாசிட்டரை, கரண்டை அல்ல.

அப்புறம், எர்த் பின்னை உடைத்துவிட்டாலோ டேப் சுற்றிவிட்டாலோ உறுமல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். ஆனால் என்றைக்காவது உள்ளே ஒரு ஃபேஸ் வயர் கழன்று பெட்டியில் பட்டால், அந்தக் கரண்ட் போக மிச்சமிருக்கும் வழி உங்கள் கைதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடுகிறது. பாட்டில் உயிர் போய்விடுமா? ஸ்டெபிலைசர் போடலாமா? (திருவண்ணாமலை பக்கம்)

பயப்படும் அளவுக்கு இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சாதாரண ஆம்ப்பில் உள்ளே இருக்கும் டிசி வோல்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும். 230 வோல்ட்டில் 50 வாட் தரும் ஆம்ப், 190-ல் 34 வாட் போலத் தரும். காதுக்கு இது இரண்டு டெசிபெல்கூட இல்லை. அதுவும் வால்யூமை முழுக்கத் திருப்பும்போதுதான். ஹாலில் சாதாரணமாகக் கேட்கும்போது ஆம்ப் செலவழிப்பது ஒன்றிரண்டு வாட், அப்போது 190-ம் ஒன்றுதான் 230-ம் ஒன்றுதான். உள்ளே எஸ்.எம்.பி.எஸ். (வோல்டேஜ் மாறினாலும் சமாளிக்கும் பவர் சப்ளை) இருந்து, பின்பக்கம் '100-240 வோல்ட்' என்று எழுதியிருந்தால் கேள்வியையே மறந்துவிடலாம்.

வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்கள் எரியும் பழைய பாணி ஆம்ப்) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது நிஜமான பிரச்சினை. 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய ஹீட்டர் 5.2-ல் மங்கலாக எரிந்தால் சத்தம் மாறத்தான் செய்யும். நடு இரவில் 255-க்கு ஏறினாலும் வால்வின் ஆயுசு குறையும். அவர்கள் மோட்டார் வைத்துச் சீராகச் சரிசெய்யும் சர்வோ ஸ்டெபிலைசர் போடுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் போடும் ரிலே ஸ்டெபிலைசர், வோல்டேஜ் மாறும்போதெல்லாம் 'டக் டக்' என்று மாற்றிக்கொண்டிருக்கும், ஆலாபனை நடுவே அது கேட்டால் கோபம்தான் வரும்.

கேள்வி: நாற்பதாயிரம் ரூபாய் பவர் கேபிள் போட்டதும் பாடுகிறவர்களின் மேடையே கண்முன் விரிந்தது என்கிறார் நண்பர். உண்மையா? (கோவை)

நண்பரின் சந்தோஷம் உண்மை. காரணத்தைப் பற்றித்தான் சந்தேகம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை ஓம் அளவில்தான் ரெசிஸ்டன்ஸ். மீட்டர் பெட்டியிலிருந்து ஹாலுக்குப் பத்து மீட்டர் என்றால் போய்வர 0.15 ஓம். ஒரு ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.15 வோல்ட். கடைசி ஒன்றரை மீட்டரில் வெள்ளி போட்டாலும் தங்கம் போட்டாலும் அதற்கு முன்னால் இருக்கும் சுவர் வயரும் தெரு வயரும் அப்படியேதான் இருக்கின்றன. ஜப்பானில் சில ரசிகர்கள் இதை யோசித்து, தங்கள் வீட்டுக்கென்றே தனி மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் நட்டுக்கொண்டார்கள். ஆசை என்றால் அது ஆசை!

காசு செலவழித்தே தீர வேண்டும் என்றால் எலக்ட்ரீசியனுக்குக் கொடுங்கள். டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்து ஆம்ப்புக்கு மட்டும் தனி 2.5 வயர், தனி எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல சாக்கெட். பழைய சாக்கெட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள்: ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, சுவிட்சை அணைத்து ப்ளக்கை உருவினால் பின் சுடுகிறதா, ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா? இருந்தால் உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்துவிட்டது. ஸ்பீக்கரில் வரும் 'படபட'வுக்கு நான் பார்த்தவரை அடிக்கடி காரணம் அதுதான். நூறு, இருநூறு ரூபாயில் முடிகிற வேலை.

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பாட்டு ரொம்பத் தெளிவாக இருக்கிறது. கரண்ட் சுத்தமாகிவிடுவதாலா?

தெருவில் ஹாரன் நின்றுவிட்டது, பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றுவிட்டது, உங்களுக்கும் வேலை முடிந்துவிட்டது. அதனால்தான்.

கேள்வி: ஸ்பீக்கர் அமைதியாக இருக்கிறது, ஆம்ப் பெட்டியே உறுமுகிறது. சில நேரம் மட்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் இன்னும் மோசம். (மதுரை)

இது இரண்டு தனித்தனி விஷயம். வளையம் போன்ற டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் ஆம்ப் என்று நினைக்கிறேன். கரண்டில் மேல் பாதி அலையும் கீழ் பாதி அலையும் சமமாக இல்லாவிட்டால், அதாவது கொஞ்சம் டிசி கலந்துவிட்டால், அதன் இரும்பு ஒரு பக்கமாக நிரம்பி அதிரும். வழக்கமான குற்றவாளி ஹேர் ட்ரையர்: குறைந்த சூட்டில் வைத்தால் ஒற்றை டயோடு வழியாகப் பாதி அலையை மட்டும் இழுக்கும் மாடல்கள் உண்டு. அடுத்த முறை உறுமும்போது வீட்டில் யார் தலை காய வைக்கிறார்கள் என்று பாருங்கள். அடிக்கடி வந்தால் டிசி பிளாக்கர் என்று ஒரு சின்னப் பெட்டி போட்டால் தீரும்.

இன்வெர்ட்டர் விஷயம், அது ஸ்கொயர் வேவ் மாடலாக இருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தக் கரடுமுரடான அலை ஆகாது, ஃபேனும் அதோடு சேர்ந்து முனகும். அடுத்த முறை மாற்றும்போது சைன் வேவ் வாங்குங்கள், அதுவரை கரண்ட் இல்லாத நேரத்தில் ஆம்ப்புக்கும் ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மச்சான் பழைய டர்ன்டேபிள் கொண்டுவந்தார். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் பாட்டு இழுவையாக வருகிறது. (திருச்சி)

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. அங்கே 60, இங்கே 50. ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும், அதனால் 33⅓-ல் சுற்ற வேண்டிய தட்டு 27.8-ல் சுற்றுகிறது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கி, தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல இருக்குமே! 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் லேத் பட்டறையில் 1.2 மடங்கு விட்டத்தில் கடைந்துகொள்ளலாம், பெல்ட் ஓடும் நடுப்பகுதியின் லேசான வளைவையும் சேர்த்துக் கடையச் சொல்லுங்கள். டிசி மோட்டார், குவார்ட்ஸ் லாக் மாடல்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இதே கேள்வியின் இன்னொரு வடிவம்: நம் ஊர் ஹெர்ட்ஸ் ஏறி இறங்கினால்? கிரிட்டுக்கு அனுமதித்த அளவு 49.90 முதல் 50.05 வரை. அந்த 0.2 சதவீதம் எந்த வித்வான் காதுக்கும் எட்டாது. ஆனால் அபார்ட்மென்ட் டீசல் ஜெனரேட்டர் 52-ல் ஓடினால் 4 சதவீதம், சுருதி அரை ஸ்வரத்தில் பாதிக்கு மேல் ஏறிவிடும், அது நன்றாகவே தெரியும்.

கேள்வி: இடி மின்னலுக்கு ஸ்பைக் பஸ்டர் போதுமா?

பக்கத்தில் விழுந்தால் போதாது. ப்ளக்கையும் உருவுங்கள், கேபிள் டிவி, டிஷ், இன்டர்நெட் வயர்களையும் கழற்றுங்கள். பாதிப் பேர் ப்ளக்கை மட்டும் உருவிவிட்டுத் தூங்கப் போகிறார்கள், மின்னல் கேபிள் வழியாக வருகிறது.

இடியைவிட எனக்குப் பயம் நியூட்ரல் கட். மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் கழன்றால் ஏதோ ஒரு ஃபேஸில் 300, 350 என்று ஏறிவிடும். ஓர் அறையில் பல்பு கண்ணைப் பறிக்கும், அடுத்த அறையில் மங்கும், ஃபேன் பேய் வேகத்தில் ஓடும். பார்த்த நொடியே மெயினை அணைத்துவிடுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். ஆர்.சி.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது, அதன் வேலை கசிவைப் பிடிப்பது. மெயினுக்குப் பக்கத்தில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் தனியாகப் பொருத்தச் சொல்லுங்கள், 270-க்கு மேல் போனால் அணைக்கும்படி வைத்தால் ஆம்ப்போடு ஃப்ரிட்ஜும் பிழைக்கும்.