பதில்: பெனுவே மோதலை வளர்ச்சியோடு இணைப்பது எப்படி?

வணக்கம். நைஜீரியாவின் உழவர்–மேய்ப்பர் மோதலில் மதத்தைத் தாண்டி எழுத முடியவில்லை, வளர்ச்சியோடு எப்படி இணைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நிலத்திலிருந்து தொடங்குங்கள்.

எடுத்துக்காட்டுக்கு அந்நாட்டின் பெனுவே மாநிலம் ஒன்றே போதும். உழவர்களில் பெரும்பாலோர் கிறித்தவரான திவ் மக்கள். மாடு ஓட்டிவரும் ஃபுலானிகள் முஸ்லிம்கள். அதனால் மதச் சண்டையாகத் தெரிகிறது. ஆனால் வடக்கே மேய்ச்சல் குறையக் குறைய மந்தைகள் தெற்கே இறங்குகின்றன. பழைய மாட்டுப் பாதைகளிலோ இப்போது வயல்கள். 2017இல் பெனுவே திறந்தவெளி மேய்ச்சலைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2018 ஜனவரியில், இந்த மோதலில் கொல்லப்பட்ட 73 பேரை ஒரே நாளில் அடக்கம் செய்தார்கள். எழுதும்போதே மனம் கனக்கிறது.

சரி, வளர்ச்சி எங்கே வருகிறது? மோதலுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்கள் தங்கும் முகாம்களைப் பாருங்கள். 'நாட்டின் உணவுக்கூடை' எனப்பட்ட மாநிலத்தில் விதைக்க வேண்டியவர்கள் முகாமில் முடங்கினால் அந்த ஆண்டு விளைச்சலே இல்லை. பள்ளிக்கூடமே முகாமானால் பிள்ளைகளின் படிப்பும் நிற்கிறது.

மேய்ப்பர் பக்க இழப்பையும் விட்டுவிடாதீர்கள். மாடுதான் அவர்களுடைய சேமிப்பு. களவு போனால் குடும்பமே நொடித்துவிடும். அப்புறம், 2024இல் நைஜீரியா கால்நடை வளர்ச்சிக்கெனத் தனி அமைச்சகம் அமைத்தது. நீங்கள் எழுதுவதன் கடைசி இயலுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.