பேட்டரி கையில், நாற்காலி சரக்கில்

கேள்வி: சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டும் மோட்டார் வண்டியோடு டெல்லி போக வேண்டும். விமானத்தில் விடுவார்களா, ரயிலே மேலா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: தாராளமாக விடுவார்கள், ஆனால் எல்லாம் பேட்டரியைப் பொறுத்தது. அதன் ஸ்டிக்கரில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-ஹவர் என்றால் சுமார் 281 வாட்-ஹவர். கழற்றி எடுக்கும் லித்தியம் பேட்டரிக்கு வரம்பு 300. கழற்றியதும் முனைகளில் டேப் ஒட்டி, உறையில் போட்டு, கேபினுக்குள் கையோடு கொண்டுபோக வேண்டும், கவுண்டரில் யார் சொன்னாலும் அதைச் சரக்கில் போட்டுவிடாதீர்கள். 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்கு எழுதி, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலென்றால் சாதாரணப் பெட்டியின் வாசல் குறுகல், படியும் செங்குத்து. மாற்றுத்திறனாளிகள் பெட்டியின் வாசல்தான் அகலம். இவ்வளவு தூரத்துக்கு நான் விமானத்தையே சொல்வேன்.