காபித் துறை என்றால் கடையில் காபி போடுவதுதானா?

"கடையில் நின்று காபி போடவா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று, காபித் துறைக்குப் போக விரும்பும் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோப்பைக்கு வருவதற்குள் கொட்டை எத்தனை கை மாறுகிறது என்று பார்த்துவிட்டு மகளிடம் பேசுங்கள்.

காபிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவிப் பதப்படுத்தும் ஈரமுறையில், பறித்த அன்றே தோலுரித்துவிட வேண்டும். கொட்டையில் ஒட்டியிருக்கும் பசை தொட்டியில் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம் புளித்துக் கழன்றதும் கழுவிக் காயவைப்பார்கள். ஈரப்பதம் 10–12 சதவீதத்துக்கு இறங்கியாக வேண்டும். ஈரம் தங்கிவிட்டால் மூட்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். புளிப்பு நேரம் மிஞ்சினால் கொட்டை நாறும். அப்படி ஒன்று கலந்தாலே ஒரு கோப்பை கெட்டது. ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் (வறுக்காத) கொட்டைதான் தேறும், அதனால் இங்கே விடும் பிழைக்கு விலை அதிகம். வேளாண்மை, நுண்ணுயிரியல், உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு இது சரியான இடம்.

பிறகு ஆலையில் மேலோட்டை நீக்கி, அளவு, எடை, நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். ஏற்றுமதிக்கு 60 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் 20 அடி கன்டெய்னரில் சுமார் 320 ஏறும். வணிகவியல் மாணவர்களுக்கு இந்தப் பக்கம்தான் வேலை: ஒப்பந்தம், மாதிரி ஒப்புதல், கப்பல் ஆவணங்கள்.

உங்கள் மகளுக்கு நான் சொல்லும் முதல் வாசல் ருசிப் பரிசோதனைக் கூடம். அங்கே நடப்பது இதுதான்: 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள், நீரின் சூடு சுமார் 93 டிகிரி செல்சியஸ், நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டிய ஏட்டைக் கரண்டியால் உடைத்து முகர்வது, சற்று ஆறியதும் உறிஞ்சிப் பார்ப்பது. வாங்குபவர், விற்பவர், வறுப்பவர் மூவருமே இந்த மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். நாக்கு பிறவி வரம் என்று பயப்பட வேண்டாம், பழக்கத்தில் பெரும்பகுதி வந்துவிடும். (குறிப்பேடு எழுதச் சோம்பல்படுகிறவர்களுக்கு மட்டும் வராது.)

வறுப்பது கவர்ச்சியான வேலை, ஆனால் அவசரப்பட வேண்டாம். கொட்டை வெடிக்கும் முதல் சத்தத்துக்குப் பிறகு சில விநாடி தவறினாலே சுவை மாறும். நேற்றைய சுவையை இன்றும் கொண்டுவருவதுதான் அங்கே திறமை.

காபியை ருசித்துத் தரம் மதிப்பிடுபவர்களுக்கான க்யூ கிரேடர் சான்றிதழுக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். முதலில் ஆறு மாதம் ஓர் ஆலையிலோ வறுப்பகத்திலோ பயிற்சிக்குச் சேரட்டும். சேரும் முன் ஒன்று கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மாதிரிகளை ருசி பார்க்க விடுவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.