கூம்பு வில்லையில் கோடும் வளையமும்: வாசகர் கேள்வி பதில்

ஆக்ஸிகான் என்கிற கூம்பு வில்லை ஒரு சமயம் கோடு போலவும் இன்னொரு சமயம் வளையமாகவும் ஒளியைத் தருகிறதாமே? ஒரே கண்ணாடியில் இது எப்படி?

வில்லைக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கிறீர்கள் என்பதுதான் விஷயம். சாதாரணக் குவிவில்லையில், மையத்திலிருந்து தள்ளிப் போகப் போகக் கதிர் வளையும் கோணம் கூடும். அதனால் எல்லாக் கதிரும் ஒரே புள்ளியில் சேர்கின்றன. கூம்பில் சரிவு எங்கும் ஒன்றே என்பதால் எந்தக் கதிரும் ஒரே கோணத்தில்தான் வளையும். மையத்துக்கு அருகே நுழைந்த கதிர் முனையை ஒட்டியே அச்சை வெட்டுகிறது, விளிம்பில் நுழைந்தது வெகுதூரம் தள்ளி வெட்டுகிறது. வெட்டும் இடங்கள் வரிசையாக அமைவதால் கிடைப்பது ஒரு கோடு. கடைசிக் கதிரும் அச்சைத் தாண்டிவிட்டால் நடுவில் ஒளி இருக்காது. அங்கிருந்து, போகப் போகப் பெரிதாகும் வளையம்தான்.

1954இல் ஈஸ்ட்மன் கோடாக்கைச் சேர்ந்த ஜான் மெக்லியாட் இந்த வில்லையை விவரித்து, ஆக்ஸிகான் என்று பெயரிட்டார்.

633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர் இருக்கிறது. சுமார் 15 செ.மீ. நீளக் கோடு வேண்டும். எந்தக் கோணத்தில் வாங்குவது? கணக்கோடு சொல்லுங்கள்.

முதலில் எந்தக் கோணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில விற்பனைப் பட்டியல்களில் அடிக்கோணம் (தட்டைப் பக்கத்துக்கும் சரிவுக்கும் இடையில் உள்ளது) இருக்கும், சிலவற்றில் முனைக்கோணம் (கூம்பின் உச்சியில் உள்ளது) இருக்கும். 2° அடிக்கோணமும் 176° முனைக்கோணமும் ஒரே வில்லைதான். 178° என்று இருப்பதை 2° என்று நினைத்து வாங்கினால் உங்களுக்கு வருவது 1° வில்லை.

கதிர் வளையும் கோணம், ஒளிவிலகல் எண்ணில் ஒன்றைக் கழித்து அடிக்கோணத்தால் பெருக்கினால் கிடைக்கும். சிறிய கோணங்களுக்கு இது போதும். வில்லைக்கான கண்ணாடியான உருகிய சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 633 நானோமீட்டரில் 1.457. 2° வில்லைக்கு 0.914°, அதாவது 0.01595 ரேடியன், சுமார் 16 மில்லிரேடியன். கற்றையின் ஆரத்தை இதனால் வகுத்தால் கோட்டின் நீளம். 2.5 மி.மீ. ஆரத்துக்கு 157 மி.மீ. கிடைக்கிறது. ஆனால் ஹீலியம்-நியான் கற்றை பெரும்பாலும் 1 மி.மீ. விட்டம்கூட இருக்காது. ஆகவே கற்றை விரிப்பான் ஒன்று வைத்து 5 மி.மீ. விட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். 0.8 மி.மீ. கற்றைக்கு 6 மடங்கு விரிப்பான் சரியாக இருக்கும்.

நடுக்கோட்டின் விட்டம், அதைச் சுற்றி வரும் முதல் இருள் வளையம் வரை அளந்தால், அலைநீளத்தை 0.766ஆல் பெருக்கி வளையும் கோணத்தால் (ரேடியனில்) வகுத்தது. இங்கே 30 மைக்ரான். கற்றையை எவ்வளவு விரித்தாலும் இந்த 30 மைக்ரான் மாறாது, நீளம்தான் மாறும். மெல்லிய கோடு வேண்டுமென்றால் கோணத்தைக் கூட்டுங்கள். அப்போது நீளம் குறையும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். காஸியன் கற்றையில், அதாவது நடுவில் பிரகாசமாகவும் ஓரம் போகப் போக மங்கலாகவும் இருக்கும் கற்றையில், கோட்டின் வெளிச்சம் சீராக இருக்காது. முனையில் சுழியிலிருந்து ஏறி, பாதித் தூரத்தில், இங்கே சுமார் 78 மி.மீ.யில், உச்சம் தொட்டு இறங்கும். 157 மி.மீ. முழுவதும் ஒரே வெளிச்சம் என்று எண்ணி வேலையைத் திட்டமிடாதீர்கள்.

“விளிம்பு விளைவே இல்லாத கற்றை” என்று பெஸ்ஸல் கற்றையைப் பற்றிப் படித்தேன். ஒளியை விட வேகமாகப் போகிறது என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. விளிம்பு விளைவு என்று இங்கே சொல்வது, கற்றை போகப் போகத் தானே அகன்று பரவுவதை. ஆக்ஸிகானுக்குப் பின் கூம்பாக வந்து சேரும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, நடுவில் ஒரு பிரகாசமான புள்ளியும் சுற்றிலும் வளையங்களுமாக அமைகின்றன. இதுதான் பெஸ்ஸல் கற்றை. கணிதத்தில் இருக்கும் முழுமையான பெஸ்ஸல் கற்றை பரவவே பரவாது. ஆனால் அதற்கு எல்லையற்ற ஆற்றல் தேவை. 1987இல் இயற்பியலாளர் டர்னினும் உடன் ஆய்வாளர்களும் வளையப் பிளவு ஒன்றையும் வில்லையையும் வைத்து அதன் நடைமுறை வடிவத்தைச் செய்து காட்டினார்கள். நம் கைக்கு வருவது, கோடு இருக்கும் தூரம் வரை மட்டும் பரவாதது.

இதற்கு ஒரு விலை உண்டு. சுற்றியுள்ள ஒவ்வொரு வளையமும் நடுப்புள்ளியின் அளவுக்கே ஆற்றலை வைத்துக்கொள்கிறது. முந்தைய கணக்கில் வளையங்களின் இடைவெளி 20 மைக்ரான். கோட்டின் நடுத் தூரத்தில் 60க்கு மேற்பட்ட வளையங்கள் இருக்கும். அப்படியானால் நடுவில் இருப்பது மொத்த ஆற்றலில் அறுபதில் ஒரு பங்குதான். குவிவில்லையில் கிடைக்கும் செறிவை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கற்றை தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் என்பதும் இதனோடு சேர்ந்தது. நடுவில் 0.1 மி.மீ. ஆரமுள்ள தூசு மறித்தால், அதன் நிழல் 6 மி.மீ.யில் முடிந்துவிடும். அதன்பின் வெளியிலிருந்து வரும் கதிர்கள் நடுப்புள்ளியை மறுபடி கட்டுகின்றன. மந்திரம் எதுவுமில்லை. நடுப்புள்ளியில் முன்னே இருந்த ஒளி வேறு, பின்னே இருப்பது வேறு.

வேகத்துக்கு வருவோம். துடிப்பு லேசரில், கதிர்கள் சந்திக்கும் இடம் அச்சின் மேல் ஒளிவேகத்தை விடச் சற்றே வேகமாக நகரும். கதிர்கள் அச்சோடு 18° சாய்ந்து வந்தால் சுமார் 5% கூடுதல். நகர்வது சந்திக்கும் இடம் மட்டும். ஒளி தன் சாய்ந்த பாதையில் தன் வேகத்திலேயே போகிறது. செய்தி எதையும் இதில் முந்தி அனுப்ப முடியாது.

கோட்டின் வழியே கேமராவை நகர்த்தினால் நடுப்புள்ளி கூடிக் குறைந்து துடிக்கிறது. லேசர் கோளாறா?

அநேகமாக வில்லையின் முனைதான். எந்தக் கூம்பும் கணிதக் கூம்பாக வராது. மெருகேற்றும்போது முனை மழுங்கிவிடும். மழுங்கிய பகுதி ஒரு சிறு சாதாரண வில்லையாக வேலை செய்து, அச்சின் வழியே தனியாக ஓர் அலையை அனுப்புகிறது. அதுவும் கூம்பு அலையும் குறுக்கிடுவதால் வெளிச்சம் ஏறி இறங்கும்.

இதை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. ஏற்ற இறக்கத்தின் இடைவெளி, அலைநீளத்தை இரண்டால் பெருக்கி, வளையும் கோணத்தின் வர்க்கத்தால் வகுத்ததாக இருக்க வேண்டும். நம் 2° வில்லைக்கு அது 5 மி.மீ. அளந்ததும் அதுவாகவே இருந்தால் லேசரைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் கேமராவை 5 மி.மீ., 5 மி.மீ.யாக நகர்த்தினால் இந்த ஏற்ற இறக்கம் கண்ணிலேயே படாது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் அளப்பீர்கள். 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக நகர்த்துங்கள்.

தீர்வுகளில் மலிவானது கற்றையைப் பெரிதாக்குவது. முனையில் 0.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்கிறது என்று வையுங்கள். 1 மி.மீ. ஆரக் கற்றையில் 39% ஆற்றல் அந்தக் கெட்ட பகுதியில் விழுகிறது. 2.5 மி.மீ. ஆரமானால் 8%க்குள் அடங்கிவிடும். சிலர் முனையின் மேல் கறுப்புப் புள்ளி வைத்து மறைப்பார்கள். அதில் கோட்டின் முதல் 31 மி.மீ. போய்விடும், கறுப்புப் புள்ளியின் விளிம்பு புதிதாக அலைவுகளையும் உண்டாக்கும். எங்களுக்கு அது பிடித்த வழி அல்ல. ஆக்ஸிகானுக்குப் பின் ஒரு குவிவில்லை வைத்தால், அதன் குவியத் தளத்தில் நல்ல ஒளி மெல்லிய வளையமாகவும் முனையிலிருந்து வந்த ஒளி நடுவிலும் பிரிந்து விழும். நடுவை மட்டும் அங்கே மறைத்து, இரண்டாவது வில்லையால் கோட்டை மறுபடி எடுத்துக்கொள்வதே சுத்தமான வழி.

நடுப்புள்ளி வட்டமாக இல்லாமல் வைரக்கல் போல நான்கு மூலையோடு இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

வில்லை சாய்ந்திருக்கிறது, அல்லது கூம்பே நீள்வட்டமாகச் செய்யப்பட்டிருக்கிறது, அல்லது கற்றையில் ஏற்கெனவே குறை இருக்கிறது. வில்லையை அதன் அச்சைச் சுற்றி 45° திருப்புங்கள். உருவமும் கூடவே திரும்பினால் குறை வில்லையில், திருப்பி அனுப்ப வேண்டியதுதான். உருவம் அப்படியே நின்றால் சாய்வையும் கற்றையையும் பாருங்கள்.

சாய்வைச் சரிசெய்யும் முறை இது. ஆக்ஸிகான் இல்லாமல், 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு தடுப்புகளின் துளைகள் வழியே கற்றை செல்லும்படி முதலில் வையுங்கள். பிறகு, தட்டைப் பக்கம் லேசரைப் பார்க்க, ஆக்ஸிகானைப் பொருத்துங்கள். தட்டைப் பரப்பில் பட்டுத் திரும்பும் மங்கலான புள்ளி முதல் துளையிலேயே போய் விழும்வரை சாய்வை மாற்றுங்கள். அடுத்து 600 மி.மீ. தள்ளி ஒரு திரை வைத்தால் 19 மி.மீ. வெளிவிட்டமுள்ள வளையம் தெரியும். ஒரு பக்கம் பிரகாசமாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் இருந்தால் மையம் விலகியிருக்கிறது. அதைப் பக்கவாட்டில் நகர்த்தியே சரிசெய்யுங்கள், சாய்வைத் தொட வேண்டாம். கடைசியாக, கோட்டின் பின்பாதியில் 10 மடங்கு நுண்ணோக்கி வில்லையும் கேமராவும் வைத்து வளையங்கள் வட்டமாகும்வரை சாய்வை மிக நுணுக்கமாகத் திருத்துங்கள். பிழை பின்பாதியில்தான் பெரிதாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டிகளை ஆக்ஸிகானுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் அவற்றின் குறைகளும் படத்தில் சேர்ந்துகொள்ளும்.

வேலைக்கு வேண்டியது வளையம்தான். விட்டத்தை வேண்டியபோது மாற்றவும் வேண்டும்.

ஆக்ஸிகான் மட்டும் வைத்தால் வளையத்தின் தடிப்பு எப்போதும் கற்றையின் ஆரத்துக்குச் சமம், தூரம் கூடினாலும் குறையாது. கற்றையின் பிரகாசமான நடுப்பகுதி வளையத்தின் வெளி விளிம்புக்குப் போவதால், வெளிப்புறம் கூர்மையாகவும் உட்புறம் மங்கலாகவும் இருக்கும். அது கோளாறு அல்ல, இயல்பு.

மெல்லிய வளையத்துக்குக் குவிவில்லை சேர்க்க வேண்டும். ஆக்ஸிகானுக்குப் பின்னால் 100 மி.மீ. குவியத் தூர வில்லை வைத்தால், 1064 நானோமீட்டர் லேசரில் 2° ஆக்ஸிகான் 3.1 மி.மீ. விட்ட வளையம் தரும். ஆக்ஸிகான் இல்லாதபோது கிடைக்கும் புள்ளியைப் போல 1.65 மடங்கு அதன் தடிப்பு. 2.5 மி.மீ. ஆரக் கற்றைக்கு 45 மைக்ரான் அளவு. இந்த அமைப்பில் இரண்டுக்கும் இடையிலான தூரத்தை எவ்வளவு மாற்றினாலும் விட்டம் மாறாது. விட்டம் மாற வேண்டுமானால் வரிசையை மாற்றுங்கள். குவிவில்லை முதலில், ஆக்ஸிகான் அடுத்து. இப்போது ஆக்ஸிகானிலிருந்து குவியத் தளம் வரை உள்ள தூரம்தான் விட்டத்தைத் தீர்மானிக்கிறது. 50 மி.மீ.யில் 1.6 மி.மீ., 25 மி.மீ.யில் 0.8 மி.மீ. ஆனால் குவியத்தை நெருங்க நெருங்க ஆக்ஸிகானின் மேல் விழும் கற்றை சிறுக்கும். மழுங்கிய முனையின் பங்கு கூடி, வளையத்தின் நடுவில் ஒளி கசியும்.

விரியாமல் ஒரே விட்டத்தில் செல்லும் குழாய் போன்ற கற்றை வேண்டுமென்றால், அதே கோணமுள்ள இரண்டாவது ஆக்ஸிகானை முனையும் முனையும் பார்க்கும்படி வையுங்கள். இடைவெளியை மாற்றினால் விட்டம் மாறும், தடிப்பு மாறாது.

கண்ணாடித் தகடு வெட்ட இதைப் பயன்படுத்துகிறார்களே, அந்த அமைப்பு எப்படி இருக்கும்?

1030 நானோமீட்டர் துடிப்பு லேசரை எடுத்துக்கொள்வோம். 2° ஆக்ஸிகான் தரும் கோடு 50 மைக்ரான் தடிப்பு, 159 மி.மீ. நீளம். வெட்டுக்கு இது தடிமன். ஆகவே 200 மி.மீ., 10 மி.மீ. குவியத் தூரமுள்ள இரண்டு வில்லைகளால் 20 மடங்கு சுருக்குகிறார்கள். தடிப்பு 20இல் ஒரு பங்காகி 2.5 மைக்ரான் ஆகிறது. நீளம் 400இல் ஒரு பங்காகி 0.4 மி.மீ. ஆகிறது. கண்ணாடிக்குள் கதிர் நிமிர்வதால் அது 0.6 மி.மீ. வரை நீளும். 0.4 மி.மீ. தகட்டுக்கு இது பொருத்தம். கோட்டின் இரு நுனிகளும் பலவீனமானவை என்பதால், நீளம் தகட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும்.

முதல் வில்லையைக் கோட்டின் நடுவிலிருந்து 200 மி.மீ. தள்ளி, அதாவது ஆக்ஸிகானிலிருந்து சுமார் 280 மி.மீ.யில் வையுங்கள். அவசரத்தில் 159 மி.மீ.க்குள் வைத்தால் கோடு வில்லைக்குள்ளேயே விழுந்து அதைப் பொசுக்கிவிடும். 10 மி.மீ. வில்லையின் எண்துளை (எவ்வளவு சாய்ந்த கதிர்வரை வில்லை கையாளும் என்பதன் அளவு) 0.31க்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் வளையம் வெட்டுப்பட்டுக் கோடே வராது.

ஒரு துடிப்புக்கு ஒரு நூல் போன்ற தடம், அடுத்தது சில மைக்ரான் தள்ளி. இப்படி வரிசை போட்டபின் லேசாக வளைத்தோ சூடாக்கியோ பிரிக்கிறார்கள். வாட்டும் சிக்கல் தகட்டின் ஓரத்தில் வரும். ஒளி பக்கங்களிலிருந்து கூம்பாக வருவதால், 0.4 மி.மீ. தகட்டில் ஓரத்திலிருந்து 0.1 மி.மீ.க்குள் பாதிக் கூம்பு கண்ணாடிக்குள் சரியாக நுழையாது. அங்கே தடம் ஆழமாக விழாமல், பிரிக்கும்போது சில்லு பெயரும். முன்பு போட்ட தடத்துக்கு மிக அருகே இன்னொன்று போட்டாலும் இதே கதைதான்.

எல்.இ.டி. விளக்கை வைத்துக் கோடு எடுக்க முடியுமா?

வளையம் வரும். நுண்ணிய நடுப்புள்ளி வராது. எல்.இ.டி.யின் ஒளி ஒரு பரப்பிலிருந்து பல திசைகளில் கிளம்புவதால் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கலைந்துவிடும். நுண்துளை வழியே செலுத்திச் சரிசெய்யலாம், ஆனால் மிஞ்சும் வெளிச்சம் பார்க்கவே போதாது.

முனையை எப்படித் துடைப்பது?

முதலில் காற்று ஊதி தூசை நீக்குங்கள், பல தடவை அதுவே போதும். கறை இருந்தால், வில்லைத் தாளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, முனையிலிருந்து விளிம்பு நோக்கி, அழுத்தாமல், ஒவ்வொரு இழுப்புக்கும் புதுத் தாள். குறுக்கே முனையின் மேல் இழுத்தால் இருக்கும் கூர்மையும் போகும். மேசையில் வைக்கும்போது தட்டைப் பக்கத்தையும் அடியில் படவிடாதீர்கள், விளிம்பைப் பிடிக்கும் வளையத்திலேயே வையுங்கள்.