எழுதாத பரீட்சையில் பெயில்

கேள்வி: நாங்கள் ஒஸ்லோவில் இருக்கிறோம். கணவர் 1986இல் ஃபோல்க் ஹைஸ்கூல் என்ற ஒரு வருட விடுதிப் பள்ளியில் படிக்க வந்து, பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தவர். மூத்த மகனுக்கு 25 வயது. எலக்ட்ரீஷியன், நல்ல சம்பளம். மூன்று நோர்வேஜியப் பொடியன்களோடு ஆல்டர்நேட்டிவ் ரொக் இசைக்குழு வைத்திருக்கிறான். எந்த இசை நிறுவனமும் இன்னும் அவர்களை ஒப்பந்தம் செய்யவில்லை. இப்போது வேலையை விட்டுவிட்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு நாலு பேரும் பெர்லினுக்குக் குடிபோகிறார்களாம். சொந்தக்காரரிடம் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறான் என்றுதான் சொல்லியிருக்கிறோம், சின்னவளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். போதை, கூடாத சேர்க்கை என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அவனை எப்படித் தடுப்பது?
– ஒரு தாய், ஒஸ்லோ

பதில்: தடுக்க முடியாது. 25 வயதுப் பிள்ளை, தான் உழைத்த காசு. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருக்கிறது. அதனால் ஜெர்மனியில் போய் இருக்க அவனுக்கு விசாவும் வேண்டாம், உங்கள் கையெழுத்தும் வேண்டாம். அந்தக் கேள்வியை விடுவோம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணைக் குத்தியது பெர்லினும் இல்லை, போதையும் இல்லை. "மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறான்" என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த வரி.

மாஸ்டர்ஸ் என்றால் அதற்கு முன்னால் ஒரு பட்டம் இருக்க வேண்டும், தங்கச்சி. நோர்வேயில் எலக்ட்ரீஷியன் ஆவதற்கு இரண்டு வருடம் பள்ளிக்கூடம், அதன் மேல் இரண்டரை வருடம் தொழில் பழக வேண்டும். உங்கள் மகன் அதைச் செய்தவன். பிறகு எந்தப் பட்டத்தின் மேல் இந்த மாஸ்டர்ஸ்? சொந்தக்காரர் ஒருவரும் அப்படித் திருப்பிக் கேட்கவில்லை என்றால், அவர்களுக்கு அவன் ஏற்கனவே இன்ஜினியர். ஆக, இது கிட்டாரால் வந்த பொய் இல்லை. அவன் விடியக் காலையில் எழும்பி வேலைக்குப் போய், ஒழுங்காக வரி கட்டிக்கொண்டிருந்த நாளிலேயே அவனை உள்ளபடி சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

அந்தக் காலத்தில் ஃபோல்க் ஹைஸ்கூல் அனுமதியில் வந்து, பிறகு வடக்கே மீன் வெட்டப் போனவர்கள் எத்தனையோ பேர். ஊரில் தாய்மார் "மகன் நோர்வேயில் படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மாமியாரும் சொல்லியிருப்பார். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஊரில் சண்டை, பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்ற காலம். உங்கள் பொய்க்கு என்ன அவசியம்? ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில் பத்து நிமிடம் நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு அவன் கொடுக்கப்போகிற விலையைச் சொல்கிறேன். உங்கள் ஒஸ்லோவில், மாங்லெருட்டில் வளர்ந்த இரண்டு பையன்கள், மாக்னே ஃபூருஹோல்மனும் போல் வோக்தாரும், 1982இல் லண்டனுக்குப் போனார்கள். சரிவரவில்லை. வீட்டுக்குத் திரும்பினார்கள். மோர்டன் ஹார்கெட்டைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் போனார்கள். அதுதான் ஆ-ஹா இசைக்குழு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போதும் கதவு உடனே திறக்கவில்லை. அவர்களுடைய பெயர் போன பாட்டே 1984இல் முதலில் வந்தபோது எடுபடவில்லை, திரும்பப் பதிவு செய்து அடுத்த வருடம்தான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. உங்கள் மகனும் அப்படி வருவான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் யாரும் வருவதில்லை. (அந்த ரொக் சத்தத்தை என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கவும் முடியாது, அது வேறு.) நடுவில் அவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்களே, அதைப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு ஆறு மாதத்தில் காசு முடிகிறது என்று வையுங்கள். வந்தால், அடுத்த வாரமே ஏதாவது கட்டடத்தில் வயர் இழுக்கப் போகலாம், கையில் தொழில் இருக்கிறது. ஆனால் உங்கள் சொந்தக்காரருக்கு அவன் படிப்பைப் பாதியில் விட்டவன். தான் எழுதாத பரீட்சையில் பெயிலாகி வந்து நிற்கவேண்டும். எந்தப் பிள்ளை அப்படி வரும்? யாரோ ஒருவருடைய சோபாவில் படுத்துக்கொண்டு அங்கேயே கிடப்பான். நீங்கள் பயப்படுகிற கூடாத சேர்க்கை அந்தச் சோபாவில்தான் வந்து சேரும்.

சின்னவள் விஷயம் இன்னும் மோசம். அண்ணனை ஒளித்துப் பேசவேண்டும் என்று அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். நாளைக்கு அவள் உங்களிடமே ஒரு பொய்யைச் சொல்லும்போது எங்கே பழகினாள் என்று கேட்காதீர்கள்.

அவனுக்கும் சொல்ல இருக்கிறது, இதைக் காட்டுங்கள். தம்பி, பெர்லினில் வீடு எடுத்து இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஆறு மாதத்துக்கு மேல் இருக்கப்போகிறாய் என்றால் நோர்வேயின் குடிசனப் பதிவேட்டுக்கும் அறிவிக்க வேண்டும். எந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நாலு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதி, பாட்டு உரிமைகளைப் பதிகிற நோர்வே அமைப்பான தூனோவில் (TONO) பதிந்துவிட்டுக் கிளம்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவுக்கு நீயாகவே போன் எடு. அது உன் கடமை. கச்சேரி இருந்தது, தூங்கிவிட்டேன் என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

நீங்கள் இன்றைக்கே உங்கள் மூத்த மச்சாளுக்குப் போன் எடுங்கள். ஸ்பீக்கரில் போட்டு, சின்னவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பேசுங்கள். மகன் எலக்ட்ரீஷியன், இசைக்குழுவோடு பெர்லினுக்குப் போகிறான், மாஸ்டர்ஸ் என்று நான் சொன்னது பொய். இவ்வளவும் போதும். உங்களுக்கு வாய் வராவிட்டால் கணவரிடம் போனைக் கொடுங்கள். ஃபின்மார்க்கில் மீன் வெட்டிய கதையையும் அவர் சேர்த்துச் சொல்லட்டும், சின்னவள் அதையும் கேட்டிருக்கமாட்டாள்.