வாட்டு, யூனிட்டு, ஹெச்பி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணே, வீட்ல 1 ஹெச்பி மோட்டார், ஒரு மணி நேரம் ஓடினா எத்தன யூனிட்?

1 யூனிட்னா 1 கிலோவாட், அதாவது 1000 வாட், ஒரு மணி நேரம் ஓடினா ஆகற கரண்ட். 1 ஹெச்பி, அதாவது 1 குதிரைத்திறன்னா 746 வாட், ஆனா அது தண்டுல கிடைக்கிற பவர், லைன்ல இழுக்கறது இன்னும் கூட, அதனால சுமார் 1 யூனிட்னு வச்சுக்கங்க. இன்னொரு கணக்கு பாருங்க. 1000 லிட்டர் தண்ணிய 10 மீட்டர் ஏத்த 98,000 ஜூல் (ஜூல்னா எனர்ஜிய அளக்கற அளவு) போதும். 1 யூனிட்ல 36 லட்சம் ஜூல் இருக்கு, அப்ப 36 டேங்க் ரொப்பணும், எங்க ரொம்புது? பம்ப்பும் பைப்பும் வழியிலயே தின்னுடுது. ஒண்ணு சொல்லிடறேன், யூனிட்ட 'கிலோவாட் பெர் ஹவர்'னு எழுதாதீங்க. கிலோவாட்ட மணியால பெருக்கணும், வகுக்கக் கூடாது.

கேள்வி: 2000 வாட் கீசர்னா 2 யூனிட் தானே?

ஒரு மணி நேரம் போட்டா. 15 நிமிஷம்னா அரை யூனிட்.

கேள்வி: மூட்டைய தலைல வச்சுட்டு 100 மீட்டர் நடந்தா வேலை பூஜ்யம்னு புக்ல போட்ருக்கு. கோயம்பேட்டுல வந்து சொல்லிப் பாருங்க!

கோவப்படாதீங்க. நாம விசை குடுக்கறது மேல் நோக்கி, மூட்டை போறது பக்கவாட்டுல, அதனால மூட்டைக்கு எனர்ஜி ஏறல, அவ்ளோ தான் புக் சொல்லுது. உடம்புக்கு செலவே இல்லன்னு சொல்லல.

கேள்வி: அப்ப வேர்வை எதுக்கு?

தசை இரும்புத் தூண் மாதிரி சும்மா நிக்காது, நார் நாரா இழுத்து விட்டு இழுத்து விட்டுட்டே தான் தாங்கும், அதுக்கு எரியறது பூரா சூடாப் போகுது. பக்கெட்ட கைய நீட்டிப் பிடிச்சு 2 நிமிஷம் நில்லுங்க, தெரியும். ஏன், 50 கிலோ மூட்டைய லாரில ஒண்ணர மீட்டர் ஏத்தினாலே 735 ஜூல் தான், 100 மூட்டைக்கு 18 கிலோகலோரி கூட இல்ல, ஒரு இட்லிக்கு காணாது. ஆனா மூட்டை தூக்கறவரு ஒவ்வொரு தடவையும் தன் உடம்பையும் சேத்துல்ல நிமித்தறாரு.

கேள்வி: அப்ப கூலி எந்தக் கணக்குல குடுக்கறது?

அத மேஸ்திரிட்ட கேளுங்க.

கேள்வி: மோட்டார வச்சு ஜெனரேட்டர் சுத்தி, அதுலயே மோட்டார் ஓட்டினா?

நின்னுடும். ஓடற மாதிரி காட்டற வீடியோல டேபிளுக்கு அடில ஒயர் இருக்கும்.

கேள்வி: 40ல போற பைக் 80ல போனா பிரேக் ரெண்டு மடங்கு தூரமா?

நாலு மடங்கு. வேகத்தோட வர்க்கம்.

கேள்வி: 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரில எத்தன யூனிட்?

ஏஹெச்னா ஆம்பியர்-ஹவர், அத பேட்டரியோட 12 வோல்ட்டால பெருக்குங்க, 1800 வாட்-ஹவர், அதாவது 1.8 யூனிட். பேப்பர்ல தான், முழுசா உறிஞ்சினா பேட்டரி கெட்டுடும்.

கேள்வி: 1 கிலோவாட்டும் 1 யூனிட்டும் ஒண்ணா அண்ணே?

மேல போய் கீசர் பதிலப் படிங்க. அந்த 'பெர்' மட்டும் போடாதீங்க.